எண்ணெயில் குழைத்த மஞ்சள்

என்னிடம் ஒரு தோசைக்கரண்டி இருக்கிறது. அதில் தோசை திருப்பி வெகுகாலம் ஆகிறது. ஒரு பக்கம் தேய்ந்து, விளிம்பு கத்திபோல் ஆகிவிட்டது. மலைப்படி தொடங்குகிற அலிபிரிக்கு வேலைக்குப் போகும்போது துடைப்பம், வாளியோடு அதையும் எடுத்துக்கொள்வேன். திருமலைக்கு நடந்து ஏறுகிறவர்கள் படிக்குப் படி மஞ்சள் குங்குமம் வைத்து, கற்பூரம் ஏற்றிக்கொண்டே போவார்கள். பின்னால் வந்து அதைச் சுரண்டிக் கழுவுவது என் வேலை. கரண்டி என் ஓரகத்தியுடையது. அதாவது, என் வீட்டுக்காரருடைய தம்பி மனைவி.

எங்களுக்கு நகரி பக்கம் ஒரு கிராமம். பிழைப்புக்குத் திருப்பதி வந்தோம். என் வீட்டுக்காரர் திருச்சானூருக்கு ஷேர் ஆட்டோ ஓட்டினார். தம்பி டிரைவராகக் குவைத் போனான். அவன் மனைவியும் பாப்பாவும் எங்கள் பக்கத்து அறையில் இருந்தார்கள். நான் ஐந்தாவது வரை. அவள் பி.காம். அவளோடு எனக்குப் பேச்சு குறைவு. எல்லாரோடும் குறைவுதான். அவன் அனுப்பிய லேப்டாப்பில், யாத்திரை வருகிறவர்களுக்கான ஒரு வெப்சைட்டுக்குக் கட்டுரை எழுதுவாள். பெங்களூரில் இருந்து அதை நடத்தியவரை ‘சார்’ என்பாள். எழுதியதை அவர் ஏதோ ஒன்றில் போட்டுப் பார்ப்பாராம். வேறெங்காவது இருக்கிற வரிகள் சிவப்பாகத் தெரியுமாம். அவள் எழுதியது முக்கால்வாசி சிவப்பாகவே திரும்பி வரும்.

“தாயார் கோயில், மலை, பாபவிநாசம், எல்லாத்தயும் எல்லாரும் எழுதி வச்சிட்டாங்கக்கா. நான் இன்னாத்த புதுசா எழுதறது?” என்பாள். எனக்கென்ன தெரியும். கேட்டுக்கொண்டு இருப்பேன். அந்த வருடம் குவைத்தில் கம்பெனி மூடிவிட்டதால் தம்பி வேலையில்லாமல் அங்கே மாட்டிக்கொண்டிருந்தான். அடுத்ததும் சிவப்பாக வந்தால் வேறு ஆள் பார்த்துக்கொள்வதாக சார் சொல்லிவிட்டார். அந்த வேலையும் போனால் பாப்பாவை என்னிடம் விட்டுவிட்டு அவள் பெங்களூர் கார்மெண்ட்ஸுக்குத்தான் போக வேண்டும். பாப்பாவுக்கு அப்போது மூன்று வயது.

ஒருநாள் அடுப்படியில் இருந்து கேட்டாள். “அக்கா, மஞ்சள நல்லெண்ணெயில கொழச்சி வச்சா படியில நல்லா ஒட்டும் இல்ல?”

“ஒட்டும்” என்றேன். எதற்கு என்று கேட்கவில்லை. கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை.

படிக்குப் படி எண்ணெயில் குழைத்த மஞ்சள் வைத்தால் கஷ்டம் படிப்படியாகக் குறையும், முன்னோர் வழக்கம் அது, என்று எழுதி அனுப்பினாள். ஒரு வரிகூடச் சிவப்பாகவில்லை. சார் போன் போட்டுப் பாராட்டினார். அன்று கேசரி செய்தாள். நானும் தின்றேன்.

புரட்டாசி சனிக்கிழமைக் கூட்டத்தில் அது படிக்கு வந்தது. கிண்ணத்தில் குழைத்து எடுத்து வந்தார்கள். சிலர் பாட்டிலோடு ஊற்றினார்கள். தண்ணீர் விட்டால் போகவில்லை, பரவியது. “எவரம்மா நூனெ போசிந்தி?” என்று மேஸ்திரி கத்தினார். எண்ணெய் ஊற்றியது யார் என்று நான் எங்கே போய்க் கண்டுபிடிக்க? கத்திக்கொண்டிருக்கும்போதே வாலாஜா பக்கத்து அம்மா ஒருத்தி வழுக்கி விழுந்தாள். கால் மடங்கிவிட்டது. நாலு பேர் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். அவள் மகளிடம் கேட்டேன், யார் எண்ணெய் வைக்கச் சொன்னது என்று. “நெட்ல போட்டுக்கிறாங்கம்மா. பெரியவங்க காலத்து வழக்கமாம்” என்று அழுதுகொண்டே போனை நீட்டினாள். எழுத்துக் கூட்டிப் படித்தேன். அடியில் என் ஓரகத்தி பெயர் இருந்தது.

சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் சிரித்தாள். “இன்னாக்கா பொடவெல்லாம் எண்ணெ? வடைக்கட போட்டுட்டியா?”

“நீ எழுதினதுதான்” என்றேன். அந்த அம்மாவைத் தூக்கிக்கொண்டு போனதையும் சொன்னேன். மாவுக் கையோடு எழுந்து வந்து, எந்தப் படி என்று கேட்டாள்.

மறுநாள் கூடவே கிளம்பி வந்தாள், தோசைக்கரண்டியும் சீயக்காய்த் தூளுமாக. பாப்பாவை ஓரமாக உட்காரவைத்துவிட்டு, தூளைத் தூவித் தேய்த்தாள், சுரண்டினாள். அவளைத் தாண்டிப் போனவர்கள் அப்போதும் எண்ணெய் வைத்துக்கொண்டுதான் போனார்கள். வேண்டாம் என்றாள். “கூலிக்காரிக்கு இன்னா தெரியும், தள்ளு” என்றார் ஒருவர். அவள் சுரண்டிக்கொண்டே இருந்தாள். உச்சி வெயிலில் எழுந்து, கரண்டியின் பிடியை முந்தானையால் துடைத்து என்னிடம் கொடுத்தாள். “இது ஒங்கிட்டயே இருக்கட்டும்கா.”

வீட்டுக்கு வந்து இன்னொன்று எழுதினாள். முன்னால் எழுதியது பொய், நானே கட்டியது, இன்று இன்ன இடத்தில் உட்கார்ந்து அதைச் சுரண்டினேன் என்று. அதிலும் ஒரு வரி சிவப்பாகவில்லை. ஆனால் சார் போடவில்லை. பழையதைத்தான் நிறைய பேர் படிக்கிறார்களாம். பொய் என்று நாமே போட்டால் நம்மை யார் நம்புவார்கள் என்றாராம். அதை விட்டுவிட்டு அடுத்ததை எழுதச் சொன்னார். ஆக, எழுதுகிற வேலை போகவில்லை.

“பாப்பா இருக்குது. யோசி” என்றேன்.

“யோசிச்சிட்டேன்கா.”

நெட்டில் சொந்தமாக எழுதிப் போடுகிற பிளாக் என்று ஒன்றை, காசில்லாமல் யாரும் தொடங்கலாமாம். தன் பெயரில் ஒன்று தொடங்கி அதில் போட்டுவிட்டாள். அதோடு சார் போன் நின்றது. தீபாவளி கழிந்து பெங்களூர் ரயில் ஏறினாள். பாப்பா என் இடுப்பில் இருந்தது. இரண்டு பேரும் அழவில்லை. ரயில் போன பிறகு பாப்பா அழுதது.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் எழுதுகிறாள். ஹாஸ்டல் குழாயடி, தையல் மெஷினில் ஊசி ஏறிய விரல், அவள் பார்த்தது மட்டும். பாப்பா எனக்குப் படித்துக் காட்டும். பள்ளிக்கூடம் போகிறது. அந்தப் பக்கத்தைப் படிப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். எண்ணெய்க் கட்டுரையையோ வேறு வெப்சைட்காரர்களும் எடுத்துப் போட்டுக்கொண்டார்கள். ஆகவே எண்ணெய் நிற்கவில்லை.

போன வாரம் ஓர் அம்மா படியில் உட்கார்ந்து பாட்டில் மூடியைத் திறந்தாள். கூட வந்த மகன் போனைப் பார்த்துக்கொண்டே, “ஊத்துன்னும் போட்டுக்கீது, ஊத்தாதன்னும் போட்டுக்கீது. எதுமா நெசம்?” என்றான். அந்த அம்மா என்னைப் பார்த்தாள். நான் கரண்டியை நீட்டினேன். முந்தின படியில் யாரோ வைத்துவிட்டுப் போன எண்ணெய் மஞ்சளைக் காட்டினேன். என்னவோ சடங்கு என்று நினைத்தாளோ என்னவோ, வாங்கிச் சுரண்டினாள். பாதிப் படிகூட ஆகவில்லை, நிமிர்ந்தாள். பாட்டிலை மூடினாள். பிறகு, கரண்டியின் பிடியை முந்தானையால் துடைத்து என்னிடம் கொடுத்தாள்.