அவளுக்குக் காட்டிய ஆண்ட்ரோமெடா

அப்பாவின் பைனாகுலரைத் தெரியாமல் எடுத்ததற்கு நான் முதுகில் வாங்கியிருக்கிறேன். புனேயில் பழைய சாமான் விற்கும் ஜூனா பஜாரில் பேரம் பேசி வாங்கி வந்து, பெட்டியில் பூட்டி வைத்திருந்தார். பெற்ற மகளுக்கே அந்தக் கதி. தீபாவளி லீவுக்கு வந்திருந்த சித்தப்பா மகளின் கழுத்தில் அதை அவரே மாட்டிவிட்டால் என் வயிறு எரியாமல் என்ன செய்யும்?

அப்பாவுக்கு தேஹு ரோடு ராணுவ டிப்போவில் வேலை. சித்தப்பா பட்டாளத்தில், காஷ்மீர்ப் பக்கம். சித்தி வேலூரில். சித்தப்பா மகளுக்கும் எனக்கும் ஒரே வயசு, பத்து.

அன்று அப்பா டூட்டி முடியும் முன்பே வந்தார். வந்ததும் வராததுமாகக் குளிரில் பச்சைத் தண்ணீரில் தலைமுழுகினார். அம்மா விளக்கேற்றவில்லை. பருப்பைத் தாளிக்காமலே போட்டாள். ஏனென்று கேட்ட என்மேல், "வாய மூடிட்டுத் தின்னுடி" என்று எரிந்து விழுந்தாள். அவளுக்கு மட்டும் பிசைந்து ஊட்டினாள். பத்து வயசுக் கழுதைக்கு ஊட்டிவிட வேண்டுமாம்.

சாப்பிட்டு முடித்ததும் லோட்ஷெட்டிங்கில் காலனியே இருண்டது. "வாம்மா, உனக்கு ஒண்ணு காட்டறேன்" என்று அவளை டெரஸுக்கு அழைத்துப் போனார் அப்பா. என்னை யாரும் அழைக்கவில்லை. நானே போனேன்.

ஆண்ட்ரோமெடா. நம் பால்வீதிக்குப் பக்கத்தில் இருக்கும், அதைவிடப் பெரிய சுருள் விண்மீன் மண்டலம். "நேராப் பாக்காத கண்ணு, கொஞ்சம் ஓரமாப் பாரு, அப்பதான் தெரியும்" என்றார். கண்ணாம்! என்னைக் கூப்பிட 'ஏய்' போதும். என் முறை வந்தபோது, ஸ்லேட்டில் எச்சில் தொட்டு அழித்த இடம்போல ஏதோ தெரிந்தது. அதற்குள், "போதும், அவகிட்ட குடு."

"இந்த வெளிச்சம் அங்கேருந்து கெளம்பி இருபத்தஞ்சு லட்சம் வருஷம் ஆச்சு" என்றார்.

"அப்ப அது இப்ப இருக்கா, இல்லியா பெரியப்பா?"

அப்பா அவள் தலைமேல் கையை வைத்தபடி நின்றார். பிறகு, "பைனாகுலர நீயே வச்சுக்கோம்மா" என்றார்.

மறுநாள் வேலூருக்கு ரயில் ஏறிய பிறகு, அவள் தூங்கும்போது, அம்மா என் காதில் சொன்னாள். மலைப்பாதையில் வண்டி உருண்டு சித்தப்பா போய்விட்டார். டிப்போவுக்கு மத்தியானமே போன் வந்துவிட்டதாம். தெரிந்தால் பிள்ளை ஒரு வாய் சோறு உண்ணாது என்று ஊர் போய்ச் சேரும்வரை மறைப்பதென்று இருக்கிறார்கள். அம்மா கீழே வாய்விட்டு அழுது முடிக்கும்வரை அவளை மேலேயே நிறுத்தி வைத்திருக்கிறார் அப்பா.

ஆனால் முந்தின ராத்திரி டெரஸிலிருந்து இறங்கி வந்து படுத்தபோது எனக்கு இதில் எதுவும் தெரியாது. போர்வைக்குள் கைகூப்பி, கண்ணை இறுக மூடி, "சாமி, அவளுக்குக் கெடச்ச மாதிரியே எனக்கும் ஒரு நாள் கெடைக்கணும்" என்று வேண்டிக்கொண்டேன்.