நான் துடைத்த புள்ளி

சிலி நாட்டு மலைமேல் இருக்கும் பெரிய தொலைநோக்கி எடுத்த படங்களை நான் ஓசூரில், எங்கள் படுக்கையறையில் உட்கார்ந்து அலசிக்கொண்டிருந்தேன். ஒரு விண்மீனைச் சுற்றிக் கோள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெங்களூரில் இருந்த என் ஆராய்ச்சி வழிகாட்டி, "கோள் தெரிஞ்சா உன்னை ரெண்டு வருஷம் சிலிக்கே அனுப்பச் சொல்லிக் கேக்கறேன். இல்லன்னா புராஜெக்ட் இதோட முடிஞ்சுதும்மா" என்றிருந்தார்.

அந்த இரண்டு வருடத்தை நம்பித்தான் உயிரோடு இருந்தேன். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். கதவைத் திறந்தால், நாளெல்லாம் என்னதான் பண்ணுகிறாள் என்ற வீட்டாரின் பேச்சு. கணவர் தன் தொழிற்சாலையின் குவாலிட்டி பிரிவில் எனக்கு இடம் பேசி வைத்திருந்தார். மூன்று வருடம் வேலையை விட முடியாதபடி பாண்டு. "நட்சத்திரம் எங்க போயிடப் போவுது? வேலைதான் போயிடும்" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

விண்மீனின் வெளிச்சம் படமெங்கும் கறையாகச் சிதறியிருக்கும். நேரம் ஆக ஆகக் கறை அதே இடத்தில் நிற்கும், பூமி சுழல்வதால் கோள் மட்டும் மெல்லச் சுழன்று நகரும். ஒரு படத்திலிருந்து இன்னொன்றைக் கழித்தால் கறை போய்க் கோள் மிஞ்ச வேண்டும். எனக்குச் சுத்தம் என்றால் பைத்தியம். துளிக் கறை இருக்கக் கூடாதென்று, அச்சு அசலாக ஒன்றுபோல் இருந்த அடுத்தடுத்த படங்களையே கழித்தேன். கழுவிவைத்த தட்டு மாதிரி ஆனது படம். கோள் இல்லை என்று எழுதி அனுப்பிவிட்டு, பாண்டில் கையெழுத்துப் போட்டேன்.

தொழிற்சாலையிலும் படம் பார்க்கிற வேலைதான். அச்சில் வார்த்த உலோகப் பாகங்களின் எக்ஸ்ரே படங்களில் விரிசல் தேட வேண்டும். நான்காவது வாரம், விரிசல் விட்ட ஒரு தட்டு நிறையப் பாகங்களை நல்லது என்று அனுப்பிவிட்டேன். சூப்பர்வைசர் கூப்பிட்டார்.

"எதோட ஒத்துப் பாத்தீங்க?"

"முன்னாடி வந்த பீஸோட சார்."

"அதே அச்சுல வந்ததும்மா அது. அதுலயும் அதே எடத்துல விரிசல் இருக்குமே. அப்பறம் எப்படித் தெரியும்?"

நான் கழித்த அடுத்தடுத்த படங்களில் கோளும் அதே இடத்தில்தானே இருந்திருக்கும்; கறையோடு அதுவும் போயிருக்கும்.

வீட்டுக்கு வந்ததும், ஒரு மணி நேரம் தள்ளி எடுத்த படங்களாகப் பார்த்துக் கழித்தேன். கறைக்கு நடுவே ஒரு புள்ளி. அடுத்த வருடம் எடுத்திருந்த படத்திலும் அது விண்மீனோடு சேர்ந்தே நகர்ந்திருந்தது; பின்னால் தூரத்தில் இருக்கும் வேறு விண்மீனாயிருந்தால் அப்படி நகராது.

"கோள்தாம்மா" என்றார் வழிகாட்டி போனில். பிறகு, "சிலிக்கு வேற ஆளை எடுத்துட்டாங்க. கட்டுரையில உன் பேருதான் முதல்ல வரும்" என்றார்.

யார்மேலும் கோபப்பட வழியில்லை. என் கையாலேயே துடைத்திருக்கிறேன்.

கணவர் எட்டிப் பார்த்தார். "கெடைச்சுதா? நல்லது. நாளைக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட், மறந்துடாத."

பாண்டு முடிய இன்னும் இரண்டு வருடம் பதினொரு மாதம் இருந்தது.