முதல் கசப்பு வில்மாருக்கு

என் தம்பி வில்மார் எங்கள் தக்குவரெம்போ ஊரில் இருபத்தொன்பது வருஷம் பஸ் ஓட்டியவன். ஓட்டாத நேரத்தில் வெந்நீர் பிளாஸ்க் அவன் அக்குளை விட்டு இறங்காது. நரம்பு நோய் வந்து தொண்டைத் தசை தளர்ந்ததும் எழுபத்தெட்டு கிலோ ஆள் ஐம்பத்திரண்டுக்கு வந்துவிட்டான். ஒரு கரண்டி சூப்புக்கு அரை மணி நேரம் இருமுவான். வயிற்றில் நேராகக் குழாய் வைக்காவிட்டால் குளிர்காலம் தாண்டமாட்டான் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். எங்கள் பக்கம் ஜூனிலேயே குளிர்காலம் தொடங்கிவிடும்; அந்த மே மாதம் முழுக்க எனக்குப் பயத்திலேயே போயிற்று.

குழாய் வைக்க மூன்று வழி சொன்னார்கள். கத்தியால் திறந்து வைப்பது ஒன்று. அது அவன் உடம்பு தாங்காது. மயக்கம் கொடுத்து, வாய்வழியாகக் கேமரா இறக்கி, உள்ளே பார்த்துக்கொண்டே வைப்பது இன்னொன்று. அந்தக் குழாய் தடிமன், லேசில் அடைக்காது. மூன்றாவது, விழித்திருக்கும்போதே எக்ஸ்ரேயில் பார்த்து வெளியிலிருந்து குத்தி வைப்பது. அது மெலிசு, கொஞ்சம் அசந்தால் அடைத்துக்கொள்ளும்.

"அடைச்ச குழாயோட தெனம் மல்லுக்கட்ட என்னால ஆகாதுக்கா. தூங்க வச்சே போடட்டும்" என்றான் வில்மார். பேச்சு குழறியதே தவிர பிடிவாதம் குழறவில்லை.

குழாய் வைக்கிற அன்று காலை ஆஸ்பத்திரியில் பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். நான் முகம் கழுவிவிட்டு வருவதற்குள் இந்த மகராசன் பக்கத்துக் கட்டில்காரர்களுக்கு எங்கள் ஊர்க் கசப்பு டீயான மத்தே ஊற்றிக்கொண்டிருந்தான். சுரைக்குடுவையில் இலைத்தூளைப் போட்டு வெந்நீர் ஊற்றுகிறவன்தான் முதல் கசப்பை உறிஞ்சித் தீர்க்க வேண்டும். அதை அடுத்தவன் கையில் கொடுப்பவனை எங்கள் ஊரில் மனிதனாகவே மதிக்கமாட்டார்கள். அதற்காக இவனும் இருமி இருமி உறிஞ்சித் தீர்த்திருக்கிறான்.

மயக்க மருந்து டாக்டரம்மா வந்தார். "ராத்திரிக்கு அப்புறம் ஏதாவது சாப்பிட்டீங்களா, குடிச்சீங்களா?"

"ஒண்ணுமில்ல" என்றான். மீசையில் பச்சைத் தூள் ஒட்டியிருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"டேய், மீசையத் தொடச்சுட்டுப் பொய் சொல்லு."

"மத்தேதானே. அதெல்லாம் ஒரு கணக்கா?" என்றவன் டாக்டரம்மா பக்கம் திரும்பினான். "கூடப் பொறந்தவளே போட்டுக்குடுக்குறா பாருங்க."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. மத்தியானத்துக்குத் தள்ளிவைத்தார். காத்திருக்கிற நேரத்தில் மூச்சின் பலத்தையாவது பார்க்கலாம் என்று ஊதும் கருவியைக் கொண்டுவரச் சொன்னார். நாலு மாதம் முன்பு ஊதியபோது நன்றாக இருந்ததை நம்பித்தான் எல்லாம் முடிவாகியிருந்தது. மூன்று முறை ஊதினான். மூன்று முறையும் இருக்க வேண்டிய அளவில் பாதியைக்கூடத் தொடவில்லை.

"இந்த மூச்சுக்கு மயக்கம் குடுத்திருந்தா, எழுந்திரிக்காமலே போயிருக்கலாம்" என்றார் அவர் மெதுவாக. "முழிச்சிருக்கும்போதே வச்சிடுவோம்."

அவன் கட்டிலிலேயே உட்கார்ந்தேன். நான் கொஞ்ச நேரம் கழித்து வந்திருந்தால் மீசையைத் துடைத்திருப்பான். பொய் பலித்து, அப்போதே மயக்கம் கொடுத்திருப்பார்கள். வில்மார் குடுவையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் மூக்குவழியாக மெல்லிய குழாய் விட்டு, வயிற்றைக் காற்றால் உப்ப வைத்து, தோலை மரக்கச் செய்து குத்தினார்கள். அரை மணி நேரத்தில் வெளியே வந்தான், கண்ணைத் திறந்தபடியே.

"வலிச்சுதாடா?"

"ஒன் வாய விடக் கம்மிதான்."

நடைபாதை என்றுகூடப் பார்க்காமல் அழுதேன். ஒரு மாத பயமும் அந்த அழுகையில் போயிற்று.

மூன்று வாரத்தில் இரண்டு கிலோ ஏறினான். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என் சமையலறையில் குடுவையை எடுத்து அவனே ஊற்றினான். நர்ஸிடம் கேட்டு வைத்திருந்தேன். முதல் கசப்பைத் துணியில் இரண்டு முறை வடிகட்டி, வெதுவெதுப்பாக ஆற்றி, சிரிஞ்சில் எடுத்துக் குழாயில் மெல்லச் செலுத்தினேன். அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"கசப்பு தெரியலக்கா. சூடு எறங்குறது தெரியுது."

கடைசிச் சொட்டு இறங்கும்வரை காத்திருந்தான். பிறகு குடுவையில் வெந்நீர் ஊற்றி என்னிடம் நீட்டினான். "இப்ப நீ குடி."