பனியில் நான் அடித்த லாரிக்காரர்

என் கோபம் நம் சபையில் எல்லாருக்கும் தெரியும். அந்தக் கோபத்தால் போன மார்கழியில் என் மைத்துனன் ஜெபராஜைச் சாகக் கொடுத்திருப்பேன்.

கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் முன்பு, விடியற்காலை ஐந்தரை மணி. வாடிப்பட்டியில் மாமனார் வீட்டில், மாட்டுக்குச் சோளத்தட்டை நறுக்கும் மெஷினில் அவன் கை மாட்டிக்கொண்டது. மணிக்கட்டு பிளந்து எலும்பு தெரிந்தது. காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு மதுரைக்குக் கிளம்பினேன். பின்சீட்டில் என் மனைவி கிரேஸ் தம்பியின் கையைச் சேலைத் தலைப்பால் இறுக்கிப் பிடித்திருந்தாள். அதையும் மீறி ரத்தம் ஒழுகியது.

ரோட்டில் அப்படியொரு பனி. ஹைபீம் போட்டேன். பனி வெள்ளையடித்த சுவர் மாதிரி எதிரே நின்றது. பம்பரில் இருக்கும் பனிவிளக்கையும் போட்டேன். ஒரு பிரயோஜனமும் இல்லை. எதிர்ப்பக்கம் எவனும் டிம் செய்யவில்லை, நான் மட்டும் ஏன் செய்ய வேண்டும் என்ற வீம்பு எனக்கு.

"டிம் பண்ணுங்க, ஒண்ணுமே தெரியல!" என்று கிரேஸ் கத்தினாள்.

"வாய மூடிட்டு வா!" என்றேன்.

"ஆண்டவரே, வெளிச்சம் தாங்கப்பா" என்று அவள் அழுதுகொண்டே ஜெபித்தாள்.

பரவைக்கு முன்னால், ஓரமாக நின்ற லாரியின் பின்னால் மோதினேன். ஹெட்லைட் இரண்டும் நொறுங்கின. என் நெற்றி கிழிந்தது. இறங்கி ஓடிவந்த டிரைவரின் சட்டையைப் பிடித்து வாயிலேயே குத்தினேன். உதடு கிழிந்து ரத்தம் கொட்டியது. "லைட்டு போடாம நிப்பாட்டுவியாடா?" என்று மறுபடியும் குத்தினேன்.

"ரெண்டு பக்கமும் மினுக்கிட்டுத்தானண்ணே இருக்கு!" என்றார். உண்மைதான். என் ஹைபீம்தான் அதை மறைத்திருந்தது.

அப்போதுதான் அவர் பின்சீட்டைப் பார்த்தார். குனிந்து, என் பம்பரில் இருந்த பேனரைப் பிடித்துக் கிழித்தார். முந்தின நாள் சாயங்காலம் கேரல் பாடப் போனபோது நானே கட்டி, அவிழ்க்க மறந்த பேனர். அதன் பின்னாலிருந்த பனிவிளக்கின் மஞ்சள் வெளிச்சம் ரோட்டில் பரவியது.

"லைட்ட மூடிக் கட்டிட்டு என்னையப் போட்டு அடிக்கிறீகளே! நிமிந்து பாக்காதீகண்ணே. ஓரத்து வெள்ளைக் கோட்டப் பாத்தே போங்க. எம்புட்டு அவசரம்னாலும் மெதுவாப் போங்க."

நான் அழுதுவிட்டேன். மன்னிப்புக்கூடக் கேட்காமல் காரை எடுத்தேன். அந்தக் கோட்டைப் பார்த்தபடியே மதுரை போய்ச் சேர்ந்தேன். இன்னும் கொஞ்சம் ரத்தம் போயிருந்தால் உயிர் தங்கியிருக்காது என்றார் டாக்டர்.

ஜெபராஜுக்கு இரண்டு விரல் மடங்காது. ஆனால் இந்த வருஷம் அந்தக் கையால்தான் கேரலில் டிரம் தட்டினான். புதுப் பேனரைக் காரின் பின்பக்கம் கட்டினோம். பனி என்றால் இப்போது ஹைபீமைத் தொடுவதில்லை. யார் மேலும் கையும் ஓங்குவதில்லை.

பிரியமானவர்களே, நம்பிக் கேளுங்கள், ஆண்டவர் உதவி அனுப்புவார். கிரேஸ் கேட்டது கிடைத்தது. கொண்டுவந்தவரை நான் அடித்தேன். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. உதடு கிழிந்த அண்ணன் என்று சொல்லித்தான் தினமும் அவருக்காக ஜெபிக்கிறேன். நீங்களும் அப்படியே சொல்லி ஜெபியுங்கள், அவர் யாரென்று ஆண்டவருக்குத் தெரியும்.