ஈரலுக்கு வைத்த வெடி

என்னைவிடப் பெரிய முட்டாள் குன்னம் வட்டாரத்திலேயே இல்லை என்று நானே எழுதிக் கொடுத்துவிடுகிறேன். எனக்கு ஈரலில் கொழுப்பு ஏறியிருந்தது. புரோபயாட்டிக் சாப்பிட்டால் சரியாகுமா என்று பெரம்பலூர் டாக்டரிடம் கேட்டேன்.

"நல்ல பாக்டீரியா உதவலாம்னு ஆராய்ச்சி நடக்குது, இன்னும் உறுதியாகல. நீங்க மொதல்ல ராத்திரி புரோட்டாவ விடுங்க. இல்லேன்னா ஈரல் இறுகிப் போயிடும்."

ஈரல் இறுகுவதை நினைத்தால் பயமாக இருந்தது. புரோட்டாவை விடுவதை நினைத்தால் அதைவிடப் பயமாக இருந்தது. ஆகவே பாக்டீரியாவைப் பிடித்துக்கொண்டேன்.

நீராகாரத்தில் சின்ன வெங்காயமும் சர்க்கரையும் போட்டுக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றினேன். ஒரு பாக்டீரியாகூடத் தப்பிவிடக் கூடாதென்று மூடியை முறுக்கி இறுக்கி, சில நாள் வெயிலில் வைத்தேன். பிறகு முகத்துக்கு நேராகப் பிடித்துத் திருகினேன்.

கல் குவாரியில் வெடி வைத்ததுபோல பாட்டில் சிதறியது. சில்லுகள் கன்னத்தைக் கிழித்தன. ஒன்று புருவத்தில் குத்தி நின்றது. சுவரில் நீராகாரமும் என் ரத்தமும் சேர்ந்து வழிந்தன. ஓடிவந்த மனைவி என் முடியைப் பிடித்து முகத்தைத் திருப்பினாள்.

"படுபாவி மனுசா, கண்ணு தெரியுதா?"

"தெரியுது. நீதான் ரெண்டா தெரியிற."

கிழிபடாத கன்னமாகப் பார்த்து ஓங்கி அறைந்தாள். "இப்ப?"

"ஒண்ணுதான்."

தலையில் துண்டைக் கட்டிப் பெரம்பலூர் பஸ்ஸில் ஏற்றினாள். அதே டாக்டர் சில்லைப் பிடுங்கித் தையல் போட்டார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு, "சார், ஈரலுக்கு ஒண்ணும் ஆகலியே?" என்று கேட்டேன்.

"அது உள்ள இருந்ததால தப்பிச்சுது."