லிஃப்ட்காரரின் முழங்கால்

தெருவில் எல்லோருக்கும் அவர் லிஃப்ட்காரர். லிஃப்ட் பழுது பார்ப்பவர் என்றாலும் லிஃப்டில் போனதைவிடப் படியேறியதுதான் அதிகம். நின்றுபோன லிஃப்டைச் சரிசெய்ய மொட்டை மாடி மோட்டார் அறைக்கு வேறு எப்படிப் போவது? நாற்பத்தாறு வயதிலும் பத்து மாடியை ஒரே மூச்சில் ஏறுவார். விடிந்ததும் பூங்காவைச் சுற்றி ஓடுவார். அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. தொப்பை வைத்த ஆட்களைக் கண்டால், தன் வயிற்றைத் தட்டிக் காட்டிவிட்டுத்தான் பேசவே ஆரம்பிப்பார்.

ஒருநாள் லிஃப்ட் குழிக்குள் இறங்கும்போது இரும்பு ஏணியில் எண்ணெய்ப் பிசுக்கு. கால் வழுக்கி, உடம்பு ஒரு பக்கமும் முழங்கால் ஒரு பக்கமுமாகத் திரும்பிவிட்டது. தசைநார் கிழிந்து ஆபரேஷன். கம்பெனியில் அவரைப் போன் எடுக்கும் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். உட்கார்ந்தே இருந்ததில் அவருக்கும் தொப்பை வந்து சேர்ந்தது.

"தனியா நடக்காதீங்க சார், கூட யாராவது வரட்டும்" என்றாள் பிசியோதெரபி செய்யும் பெண்.

"நானே வர்றேன்" என்றாள் மனைவி. மருந்துக் கடையில் பகலெல்லாம் நின்றபடி வேலை பார்ப்பவள். அதுவரை பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடியவளில்லை.

முதலில் பூங்காவில் அவருடைய நொண்டல் வேகத்துக்கே நடந்தாள். பிறகு ஒருநாள், "நீங்க இந்த பெஞ்சுல உக்காருங்க, நான் ஒரு சுத்து சுத்திட்டு வந்துடறேன்" என்றாள். ஒரு சுற்று பல சுற்றானது. நடை ஓட்டமானது. போட்டு ஓடிய மகளின் பழைய ஷூ தேய்ந்து, புது ஷூ வாங்கினாள். அவருடன் ஓடிக்கொண்டிருந்த கூட்டாளிகள் இப்போது அவளுடன் ஓடினார்கள். ஒருவன் பெஞ்சருகே நின்று, "அண்ணிக்கு என்னமா ஓட்டம் வருது! உங்களையே மிஞ்சிட்டாங்க" என்று வேறு சொல்லிவிட்டுப் போனான்.

லிஃப்ட்காரருக்கு வயிறு எரிந்தது. அவள் கையை வீசும் விதம் சரியில்லை என்றார். மூச்சை வாயால் விடுகிறாள் என்றார். ஒருநாள் கணுக்கால் வலிக்கிறது என்று அவள் படுத்தபோது அவருக்கு உள்ளுக்குள் இனித்தது. தானே தைலம் தேய்த்துவிட்டார். மறுநாள் அவள் எழுந்து ஷூ மாட்டியதும் முகம் தொங்கிப் போனது. சீ, என்ன மனுஷன் நான் என்று தோன்றாமலில்லை. ஆனால் எரிச்சல் அடங்கவில்லை.

அவள் தன் அக்கா வீட்டுக்குப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் தனியாகப் பூங்காவுக்குப் போய் ஓடிப் பார்த்தார். அரைச் சுற்றுகூட முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார். மாலையில் அவள் திரும்பி வந்தபோது, சோபாவில் காலை நீட்டி, ஐஸ் கட்டிய துண்டை முழங்காலில் வைத்திருந்தார்.

"ஓடினீங்களா?"

"சும்மா நடந்தேன்."

"நடந்தா இப்படிப் பலூன் மாதிரி வீங்குமா?"

ஐஸ் துண்டைத் திருப்பி வைத்தார். பிறகு சொன்னார்: "நீ ஓடுறதைப் பாத்தா எனக்குப் பத்திக்கிட்டு வருது. என் காலு போனதாலதானே உனக்குக் காலு வந்துச்சு?"

அவள் சிரிக்கவில்லை. "ஆமா. அதுக்காக நானும் உக்காந்துடணுமா?"

"உக்காரணும்னுதான் மனசு சொல்லுது. தப்புன்னும் தெரியுது."

"மனசு என்ன வேணா சொல்லட்டும். நான் நிறுத்த மாட்டேன். நீங்களும் திருட்டுத்தனமா ஓடாதீங்க. நாளைக்கு அந்த பிசியோதெரபி பொண்ணுகிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க."

சொன்னார். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் சாய்ந்து நிற்பது என்று எல்லாம் முதலிலிருந்து தொடங்கின. அவள் ஓடப் போகும் நேரத்தில் சமையலறை வாசலில் நாற்காலியைப் போட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுந்தார். மழைக்காலம் முடிவதற்குள் பழைய வேலைக்குத் திரும்பினார். முதல் நாளே நாலு மாடி படியேறிவிட்டு அவளுக்குப் போன் செய்தார்.

"மூச்சு வாங்குச்சா?"

"நாய் மாதிரி வாங்குச்சு."

"வாங்கட்டும், வாங்கட்டும்" என்றாள். குரலில் சந்தோஷம் தெரிந்தது.

இப்போது இருவரும் ஒன்றாகப் பூங்காவுக்குக் கிளம்புகிறார்கள். அவர் மெதுவாக ஓடுகிறார். அவள் அவரைத் தாண்டிப் போய், சுற்றி வந்து, மறுபடியும் தாண்டுகிறாள். ஒருமுறை அவர் பக்கத்தில் வேகத்தைக் குறைத்தாள்.

"எனக்காக நிக்காத, போ" என்றார். அவள் போனாள். பின்னாலிருந்து பார்த்தார். பொறாமையாகத்தான் இருந்தது. பிசியோதெரபி பெண் சொன்ன வேகத்தைத் தாண்டாமல் ஓடிக்கொண்டிருந்தார்.