பம்புச் சத்தம் கேட்காத அணைக்கட்டு

"ங்ம்ம்" என்று இராப்பகலாக ஓடும் பம்புகளின் சத்தத்தில்தான் நெய்வேலியில் நாங்கள் உண்டோம், உறங்கினோம், சண்டை போட்டோம். அடியில் ஊறும் தண்ணீரை இறைத்துக்கொண்டே இராவிட்டால் நிலக்கரி "மைன்ஸ்" முழுகிப்போகுமாம். அந்தப் பம்புகளில் ஒன்றுக்கு அப்பாதான் ஆள். ஷிஃப்டு முடிந்து வந்ததும், "என் சத்தம் கேட்டுச்சா?" என்று அம்மாவைக் கேட்பார். "ஊருக்கே கேக்குது, போங்க" என்பாள்.

அறுபதுகளின் நடுவில், நான் நாலாம் வகுப்புப் படித்த வருஷம், அவர் காய்ச்சலில் போய்விட்டார். அம்மா அழவில்லை. ஷிஃப்டு நேரம் தவறாமல் சோறு வடித்து, அப்பாவின் தூக்குச் சட்டியில் போட்டுவைத்தாள். நானும் அழவில்லை, மரத்துப்போய், மூடியை அழுத்திக் கொடுத்தேன்.

"அழாம வெச்சிகினு இருந்தா நெஞ்சு வெடிச்சிடும்" என்று பக்கத்து குவார்ட்டர்ஸ் செல்லம்மா அத்தை பயந்துபோய், கல்வராயன் மலையடியில் புதிதாகக் கட்டிய அணையைப் பார்க்க எங்கள் "பிளாக்" ஜனங்கள் கிளம்பிய பஸ்ஸில் எங்களையும் தன்னோடு ஏற்றிக்கொண்டாள். அப்பா முன்பே பேர் கொடுத்திருந்த பயணம்தான். சொந்த ஊராக இருந்தால் தாலி இறக்கிய மாசத்தில் வாசல் தாண்ட விடுவார்களா? பல ஜில்லாக்காரர்கள் கூடிய இடத்தில் தடுக்க யார் இருந்தார்கள்!

அணைமேல் எல்லாரும் புளிச்சோற்றைப் பிரித்தார்கள். சுற்றிலும் மலை நிற்க, நடுவில் தண்ணீர் அசையாமல் கிடந்தது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அம்மா மட்டும் சோற்றைக் கையில் பிடித்தபடி தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னாடி, சத்தத்தையே காணோம்?"

"இங்க பம்பு இல்லம்மா" என்றேன்.

"இவ்ளோ தண்ணி கெடக்குது, எறைக்க ஆளு இல்லியா?"

அவள் இன்னும் கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டாள். பிறகு, "அப்ப அவரு இல்லியாக்கா?" என்று கதறிச் செல்லம்மா அத்தையின் மடியில் விழுந்தாள். "அழு தாயி, நல்லா அழு" என்று அத்தை முதுகைத் தடவினாள். நான் என் பங்குச் சோற்றைத் தின்று முடித்தேன்.

மறுநாளிலிருந்து தூக்கு கவிழ்ந்தே கிடந்தது. குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு மந்தாரக்குப்பத்தில் வாடகை வீடு பார்த்தோம். பம்பு அங்கும் கேட்டது; அம்மா ஜன்னலைச் சாத்திக்கொள்வாள்.

இன்று அம்மா இல்லை, செல்லம்மா அத்தை இல்லை, அந்த பிளாக்கையும் இடித்துவிட்டார்கள். நான் இருக்கும் அடுக்குமாடி வீட்டில் விடிகாலையில் மாடித் தொட்டிக்கு மோட்டார் போடுவார்கள். அது ஓடும் மட்டும் எனக்கு ஒரு குறையும் இல்லை. யாரோ அதை நிறுத்துவார்கள். அப்போது, எழுபதை எட்டும் எனக்கு, அப்பா செத்துப்போகிறார். இப்போதும் அழுகை வருவதில்லை.